தடுமாறும் வெற்றோட்டமும் பெருகும் எரிபொருள் செலவும்
(கிராமத்தில் மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்)

சேலம், நாமக்கல் சமவெளி மோட்டார் வண்டியோடு இரண்டறக் கலந்துவிட்ட பூமியாகும். 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலால் இந்தியா முழுவதும் பெயர் பெற்றிருக்கிறது. சங்ககிரியில் லாரித் தொழிலைச் சாராத குடும்பத்தைக் காண்பது அரிது. திருச்செங்கோட்டின் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடநாட்டு வயல்களிலும் நிற்கக் காணலாம். கோழிப் பண்ணை முட்டையும், மரவள்ளிக் கிழங்கும், ஜவ்வரிசியும், மோகனூர்ப் பக்கத்து வாழைத்தாரும் சந்தையைச் சேருவது மோட்டார் வண்டிகளால்தான்.

இவ்வளவு அநுபவம் நிறைந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பத்து லாரி வைத்திருப்பவர் ஒவ்வொரு நடைக்கும் டீசல் கணக்கு எழுதுகிறார். லிட்டருக்கு கால் கிலோமீட்டர் குறைந்தாலும் டிரைவரையும் மெக்கானிக்கையும் அழைத்துக் காரணம் கேட்கிறார். ஆனால் தோட்டத்தில் ஒரே ஒரு காரோ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்தில் அவ்வாறு கணக்கு எழுதுவோர் மிகச் சிலரே. வண்டி நின்ற இடத்தில் குலுங்குகிறது; முன்னைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது; "வண்டி பழசாகிவிட்டது" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மாதந்தோறும் பல ஆயிரம் ரூபாயைப் புகைக்குழாய் வழியே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம். இக்குறையின் காரணத்தை ஒழுங்கான முறையில் கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வெற்றோட்டம் என்பது யாது?

வண்டி நகராமல், காலால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், என்ஜின் மட்டும் தானே சுற்றிக்கொண்டிருக்கும் நிலையை வெற்றோட்டம் என்கிறோம். பட்டறைகளில் இதனை "ஸ்லோ" என்றும் "ஐடிலிங்" என்றும் வழங்குவர். சாதாரணமாக ஒரு சிறு பெட்ரோல் கார் சூடேறிய பின் நிமிஷத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுற்றும். காலையில் குளிர்ந்த நிலையில் சற்று வேகமாகச் சுற்றிப் பின்னர் தணிவது இயற்கையே.

நான்கு சிலிண்டர் கொண்ட என்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பற்றுகிறது. ஆகவே 800 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு 400 முறையும், நான்குக்கும் சேர்த்து 1,600 முறையும் ஒரு நிமிஷத்தில் தீ எழுகிறது. இவை ஒரே சீராக நிகழ்ந்தால் ஓட்டம் பட்டுப் போல் இருக்கும். ஒரு சிலிண்டர் தவறினால் நிமிஷத்துக்கு 400 உந்துதல்கள் அற்றுப் போகின்றன. வண்டி வேகமாகச் செல்லும்போது மற்ற மூன்றும் அக்குறையை ஓரளவு மூடிவிடும். வெற்றோட்டத்தில் மூடுவதற்கு வலிமை இல்லாமையால் குறை வெளிப்பட்டுவிடுகிறது. இதனையே மெக்கானிக்குகள் "மிஸ் அடிக்கிறது" என்கின்றனர்.

சிலிண்டரில் நல்ல தீ எழுவதற்கு நான்கு பொருள்கள் இன்றியமையாதவை: காற்று, எரிபொருள், தீப்பொறி, அழுத்தம். காற்றும் பெட்ரோலும் எடையில் ஏறத்தாழ 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் கலக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்விகிதம் சற்றுக் குறையும். வெற்றோட்டத்தில் காணும் எந்தக் குறையும் இந்நான்கில் ஏதேனும் ஒன்றைச் சார்ந்தே இருக்கும். நோய் அறியும் வேலை முழுவதும் இந்நான்கில் எது என்று கண்டுபிடிப்பதே.

இரு குறைகளும் ஒன்றாக வருவது ஏன்?

ஓட்டம் தடுமாறுவதும் எரிபொருள் செலவு உயருவதும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இதற்குக் காரணம் உண்டு.

2000-ஆம் ஆண்டையொட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால், கார்களில் கார்புரேட்டர் மறைந்து, மின்கணினியின் ஆணைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முறை பரவியது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் நான்காம் நிலையும், 2020 ஏப்ரலில் ஆறாம் நிலையும் அமலுக்கு வந்தன. இவ்வகை வண்டிகளின் புகைக்குழாயில் "ஆக்ஸிஜன் சென்சார்" என்னும் சிறு கருவி இருக்கிறது. எரிந்து வெளிவரும் புகையில் மீந்த பிராணவாயு எவ்வளவு என்று அது அறிவிக்கும். பிராணவாயு மிகுந்திருந்தால் "பெட்ரோல் போதவில்லை" என்று கணினி கருதி, தெளிக்கும் அளவைக் கூட்டும்.

இப்போது ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி தரவில்லை என்று கொள்வோம். அங்கே சென்ற காற்று எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அதிலுள்ள பிராணவாயுவும் முழுவதாக வெளியேறுகிறது. சென்சார் அதைக் கண்டு "பெட்ரோல் குறைவு" என்கிறது. கணினி நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒரு சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் வீணாவதோடு, நலமாயிருக்கும் மூன்று சிலிண்டர்களும் தேவைக்கு மேல் குடிக்கத் தொடங்குகின்றன. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள "கேட்டலிடிக் கன்வர்ட்டர்" என்ற புகை சுத்திகரிப்பானுள் சென்று எரிந்து, விலை உயர்ந்த அப்பொருளையும் உருக்கிவிடும். ஒரு பிளக்கை மாற்றத் தயங்குவதால் வரும் நஷ்டம் இவ்வாறு சங்கிலித் தொடராக வளர்கிறது.

முதலில் அளந்தறிக

"பெட்ரோல் அதிகம் குடிக்கிறது" என்பது ஓர் எண்ணமேயன்றி அளவு அன்று. முதற் காரியம் அதனை எண்ணாக்குவது. டாங்கியை, பம்பின் குழாய் தானே நிற்கும் வரை, நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. 300 கிலோமீட்டராவது ஓட்டியபின் அதே பம்பில் அதே முறையில் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை விளங்கும். இவ்வாறு மூன்று முறை செய்து சராசரி காண்பது நலம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குச் சென்று வந்த பயணத்தை இக்கணக்கில் சேர்க்கலாகாது. தாழ்ந்த கியரில் மலை ஏறும் செலவு வேறு, சமவெளிச் செலவு வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்று, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தது இப்போது 11 தருகிறது என்று கொள்க. முன்பு மாதம் 100 லிட்டர். இப்போது 136 லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு அதிகச் செலவு ஏறக்குறைய 436 லிட்டர். லிட்டர் ரூ. 100 என்று கணக்கிட்டால் ரூ. 43,600 ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆக, இவ்வொரு வண்டி ஆண்டுக்கு ஒரு டன் கரியமில வாயுவை வீணே காற்றில் சேர்க்கிறது.

எத்தனாலின் பங்கு எவ்வளவு?

கரும்புச் சாறு, சர்க்கரைப் பாகுக் கழிவு, மக்காச்சோளம் முதலான தானியங்கள் ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டத்தில், 2025-ஆம் ஆண்டு 20 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆதலால் சிறிது மைலேஜ் குறைவது இயற்கை. பழைய பெட்ரோலுக்கென அமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீர் செய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

இவ்வெண்ணை நினைவில் வைப்பது பயன் தரும். 15 கிலோமீட்டர் தந்த வண்டி 14 தருமானால் அதற்கு எரிபொருளைக் காரணம் சொல்லலாம். 11 தருமானால் எஞ்சிய 3 கிலோமீட்டருக்கு வண்டியே பதில் சொல்ல வேண்டும். "எல்லாம் எத்தனாலால் வந்தது" என்று கூறிப் பழுதைத் தேடாமல் விடுவது தவறு. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் இயல்பு உண்டு. எனவே வாரக்கணக்கில் ஓடாத வண்டியில் பாதி டாங்கிப் பெட்ரோலை நிறுத்திவைத்தல் நன்றன்று. எரிபொருளின் தூய்மையில் ஐயம் தோன்றினால், பம்பிலேயே வடிதாள் சோதனை கேட்கவும், அளவில் ஐயம் தோன்றினால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையால் அளந்து காட்டக் கோரவும் வாங்குபவருக்கு உரிமை உண்டு.

என்ஜினுக்கு வெளியேயும் பார்க்க

ஓட்டம் சீராக இருந்து செலவு மட்டும் உயர்ந்தால், என்ஜினைத் தொடுவதற்கு முன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். டயரில் காற்றுக் குறைவு, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருத்தல், கிளட்ச் வழுக்குதல், அளவுக்கு மீறிய பாரம் ஆகியவை என்ஜினில் எந்தக் குறையும் இல்லாமலே எரிபொருளை விழுங்கும். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் நடுப்பகுதி அருகே கையைக் கொண்டு செல்க, தொட வேண்டுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் வீசினால் அதன் பிரேக் பிடித்திருக்கிறது என்று அறியலாம். சமதரையில் கியரை நீக்கித் தள்ளினால் எளிதில் உருளாத வண்டிக்கும் இதே காரணம்.

அவ்வாறே, குலுக்கல் அனைத்தும் தீ தவறுவதன் அடையாளமன்று. சுற்று காட்டும் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் நைந்திருக்கக் கூடும். முள்ளும் சேர்ந்து ஊசலாடினால் என்ஜினிலேயே குறை உள்ளது.

கண், காது, மூக்கு

ஸ்பானரை எடுப்பதற்கு முன் இம்மூன்றையும் உபயோகிக்க வேண்டும். இப்பரிசோதனைகளை வெட்டவெளியிலேயே செய்க. மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைப் போக்கும்.

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பிறகும் வெண்புகை விடாது வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால், குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது எனலாம். காலையில் சிறிது நேரம் வரும் நீராவியும் நீர்த்துளியும் குறையல்ல.

பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், அது அச்சிலிண்டரின் வரலாற்றையே கூறும். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஆயில் பசை இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்துள்ளது. வெளிறிச் சுண்ணாம்பு போலிருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகை வெப்பம். நான்கில் ஒன்று மட்டும் மாறுபட்டிருந்தால் குறை அச்சிலிண்டருக்கே உரியது. நான்கும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. பாதித் தேடலை இது குறைத்துவிடும்.

தவறும் சிலிண்டர் எது?

என்ஜின் ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டரின் மின் இணைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டுவது பழக்கப்பட்ட மெக்கானிக்குகள் செய்யும் சோதனை. நல்ல சிலிண்டரின் இணைப்பை நீக்கினால் ஓட்டம் உடனே தாழும். எதை நீக்கியபோது ஓட்டம் மாறவில்லையோ, அதுவே முன்பே செத்திருந்த சிலிண்டர். ஓடும் என்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். அங்கே பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாய்கிறது. எரியாத பெட்ரோலும் சுத்திகரிப்பானுள் செல்கிறது.

சிலிண்டர் தெரிந்தபின், புதுப் பொருள் வாங்கும் முன், இடம் மாற்றிப் பார்த்தல் என்னும் சிக்கனமான முறையைக் கையாளுக. இரண்டாம் சிலிண்டர் தவறுகிறது என்றால், என்ஜினை நிறுத்தி, அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டுக. குறையும் மூன்றாவதற்கு இடம் மாறினால் காயிலே குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இவ்வாறே இடம் மாற்றுக. அதன் பின் இன்ஜெக்டர். இம்மூன்றும் குற்றமற்றவை என்றால் அழுத்தம் பார்க்கும் மானியைப் பொருத்திச் சிலிண்டரின் அழுத்தத்தை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். செலவில்லாத சோதனை முன்னே, செலவுள்ளது பின்னே என்பதே வரிசை.

காற்றுக் கசிவும் எலியின் வேலையும்

கோழித் தீவன மூட்டையும் மக்காச்சோளமும் அடுக்கிய கிடங்கின் அருகே நிற்கும் வண்டிக்கு எலி ஒரு பெரும் பகை. இரவில் சூடாக இருக்கும் என்ஜின் அறையில் புகுந்து மின்கம்பிகளையும் மெல்லிய ரப்பர்க் குழாய்களையும் கடித்துவிடுகிறது. த்ராட்டிலுக்குப் பின்னுள்ள குழாயில் துளை விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். "உஸ்" என்ற ஓசையால் சில சமயம் இதனை அறியலாம். சோப்பு நீரைக் குழாய் இணைப்புகளின்மேல் சிறிது சிறிதாகத் தெளித்தால், துளையுள்ள இடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு ஓட்டத்தின் ஒலி மாறும். மின் இணைப்புகளின்மேல் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் தீ விபத்துக்கு வழி. அதனை அறவே விலக்குக.

த்ராட்டில் வாயிலில் கரி படிந்தாலும் வெற்றோட்டத்துக்கு வேண்டிய சிறு காற்று செல்லாமல் ஓட்டம் தாழ்ந்து அணைந்துவிடும். அதற்குரிய திரவத்தால் துடைத்துச் சுத்தம் செய்தபின், கணினி புதிய நிலையைப் பழகிக்கொள்ளும் வரை சிறிது ஓட்ட வேண்டும். பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் தடுமாறுகிறதென்றால், டாங்கியின் ஆவியை என்ஜினுக்கு விடும் "பர்ஜ் வால்வு" மூடாமல் நிற்பதாக ஐயுறலாம்.

கோடையில் புழுதி மிகுந்த நம் மண் பாதைகளில் ஏர் பில்டர் விரைவில் அடைபடும். ஆனால் இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் காற்றின் அளவுக்கேற்பக் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுவதால், அடைபட்ட பில்டர் வலிமையைக் குறைக்குமேயன்றி மைலேஜைப் பெரிதும் குறைப்பதில்லை. கார்புரேட்டர் வண்டியிலும் டீசல் வண்டியிலும் கரும்புகையும் வீண் செலவும் நேரும். பில்டரை மாற்றியும் மைலேஜ் உயரவில்லையே என்று வியப்போருக்கு இதுவே விடை.

சூட்டை அறியும் கருவி

குளிர்ந்த என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். குளிர்நீரின் சூட்டைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சார் பழுதாகி, சூடேறிய பின்னும் "குளிர்ந்திருக்கிறது" என்று பொய் சொன்னால், கணினி நாள் முழுதும் மிகுதியாகவே தெளிக்கும். தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி நின்றுவிட்டாலும் என்ஜின் உரிய சூட்டை அடையாமல் இதே நிலை ஏற்படும். "சூடாகாமல் ஓடட்டும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகள் சிலவற்றில் உள்ள தீய பழக்கம். அது எரிபொருளை விரயம் செய்வதோடு என்ஜினின் ஆயுளையும் குறைக்கும். சூடு 80 முதல் 95 டிகிரி வரை எட்டி நிலைக்க வேண்டும்.

ஸ்கேனர் தருவது தீர்ப்பல்ல, புகார்

டேஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பரிசோதிக்க வேண்டும். விட்டு விட்டு மின்னினால் தீ தவறுவது கடுமையாகிச் சுத்திகரிப்பான் கெடுகிறது என்பது பொருள். வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே அறிவுடைமை.

ஸ்கேனரை இணைத்தால் கணினி குறித்துவைத்த எண்களைப் படிக்கலாம். பி 0301 முதல் பி 0304 வரை முறையே ஒன்று முதல் நான்காம் சிலிண்டர் தவறுவதைக் குறிக்கும். பி 0300 என்பது ஒன்றில் நில்லாமல் மாறி மாறித் தவறுவது. பி 0171 பெட்ரோல் குறைவு. பி 0172 பெட்ரோல் மிகுதி. பி 0128 உரிய சூட்டை எட்டாமை. இவ்வெண்ணைக் கண்டதும் அதில் பெயர் வரும் கருவியை மாற்றிவிடுவது பெரும் பிழை. புகார் கொடுத்தவனையே குற்றவாளியாக்குவது போன்றது அது.

ஸ்கேனரில் "பியூயல் டிரிம்" என்றொரு எண்ணும் தெரியும். கணினி தன் வழக்கமான அளவுக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். 10 சதவீதத்துக்குள் கூடக் குறைய இருப்பது சாதாரணம். காற்றை நேரே அளக்கும் கருவியுள்ள வண்டியில், வெற்றோட்டத்தில் இவ்வெண் மிக உயர்ந்து, 2,500 சுற்றில் சீரானால் காற்றுக் கசிவு. பாரம் ஏறும்போது உயர்ந்தால் பெட்ரோல் பம்போ பில்டரோ தளர்ந்துள்ளது. எங்கும் கழிவாகவே நின்றால், சொட்டும் இன்ஜெக்டர் போன்ற மிகுதிக்குக் காரணம் தேட வேண்டும். குழாயின் உள் அழுத்தத்தால் காற்றைக் கணிக்கும் வண்டிகளிலோ, கசிவு இருந்தால் டிரிம் பெரிதும் மாறாமல் ஓட்டம் உயர்ந்து ஊசலாடும். ஆகவே வண்டியில் எந்த முறை உள்ளது என்று முதலில் அறிந்துகொள்க.

எவ்வித அறிவும் வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், குளிர்நீரின் சூட்டையும் உள்ளே செல்லும் காற்றின் சூட்டையும் ஸ்கேனரில் படிக்க. இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்று 28 டிகிரியும் மற்றொன்று 5 டிகிரியும் காட்டினால், நம் வெப்பச் சமவெளியில் எது பொய் என்று சொல்லவும் வேண்டுமோ?

புகைச் சான்றிதழை வாசிக்க

அநேகர் போலீஸாருக்குக் காட்டுவதற்காகவே புகைச் சான்றிதழ் வைத்திருக்கின்றனர். அதிலேயே நோய்க்குறிப்பு அச்சாகியிருக்கிறது. பாரத் நான்காம் நிலையிலும் அதற்குப் பின்னும் வந்த பெட்ரோல் கார்களுக்கு வெற்றோட்டத்தில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் மேற்படலாகாது. முதலாவது உயர்ந்தால் பெட்ரோல் மிகுதி. முதலாவது தாழ்ந்து இரண்டாவது மட்டும் உயர்ந்தால் தீ தவறுகிறது. சென்ற முறை எடுத்த சான்றிதழோடு ஒப்பிட்டால் குறை தொடங்கிய காலமும் புலப்படும். சுத்திகரிப்பான் சிறு குறைகளை மறைத்துவிடுமாதலால், எண் நன்றாயிருப்பது மட்டும் முழு நலத்துக்குச் சாட்சியாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

மேலே கணக்கிட்ட 11 கிலோமீட்டர் வண்டிக்கே திரும்புவோம். ஸ்கேனரில் பி 0302, பி 0171 என இரண்டு எண்கள் உள்ளன என்று கொள்க. "பெட்ரோல் குறைவு என்று வருகிறது, பம்பை மாற்ற வேண்டும்" என்று ஒருவர் கூறுவார். "ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுக" என்பார் மற்றொருவர். நாம் ஆராய்வோம். பம்பு தளர்ந்தால் நான்கு சிலிண்டரும் வாட வேண்டும். இங்கே இரண்டாவது மட்டும் தவறுகிறது. அது தவறுவதால் எரியாத பிராணவாயு வெளிவர, சென்சார் அதனை உள்ளபடியே அறிவித்திருக்கிறது. ஆகவே பி 0171 நோயன்று, பி 0302-இன் நிழல். காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றுகிறோம். எண்ணும் பி 0303 ஆக மாறுகிறது. ஒரு காயிலை மாற்றியதும் இரு புகார்களும் மறைகின்றன. பம்பும் சென்சாரும் வாங்கும் செலவு மீந்தது. மீண்டும் டாங்கி நிரப்பி அளந்து, மைலேஜ் திரும்பியதை உறுதி செய்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

பழைய வண்டியும் டீசல் வண்டியும்

கார்புரேட்டர் உள்ள பழைய ஜீப், அம்பாஸடர் போன்றவற்றில், விடாமல் நிற்கும் சோக், உயர்ந்த மிதவை, அடைபட்ட ஜெட், தேய்ந்த பாயிண்ட் ஆகியவற்றை நோக்குக. பிளக்கும் பாயிண்டும் சரியான இடைவெளியில் இருக்கின்றன என்று உறுதி செய்த பின்பே கலவைத் திருகைத் தொட வேண்டும்.

முட்டை ஏற்றும் டீசல் வண்டிக்கும் டிராக்டருக்கும் பிளக் இல்லை. அங்கே கரும்புகைக்கும் தடுமாற்றத்துக்கும் தேய்ந்த நாஸில், அடைபட்ட ஏர் பில்டர், எரிபொருளில் நீர், குழாயில் காற்றுப் புகுதல் ஆகியவையே பெருங்காரணங்கள். பில்டரின் அடியில் தேங்கும் நீரைக் காலந்தோறும் வடித்துவிடுக. புதிய காமன் ரெயில் என்ஜின்களில் எரிபொருள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. ஓடும்போது அதன் நட்டைத் தளர்த்தினால் பாயும் மெல்லிய தாரை தோலைத் துளைத்து உடலுள் புகும். அவ்வேலையை அறிந்தவரிடமே விட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கிராம வாசிகள் அனைவரும் மெக்கானிக் ஆக வேண்டுவதில்லை. ஆனால் பட்டறைக்குச் செல்லும்போது "வண்டி சரியில்லை" என்று சொல்லாமல், "சூடேறியபின் தடுமாறுகிறது, லிட்டருக்கு 15 தந்தது மூன்று மாதமாக 11 தருகிறது, டயர் காற்று சரி, இரண்டாவது பிளக் மட்டும் கறுத்துள்ளது" என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம். இவ்வாறு சொல்பவரிடம் தேவையற்ற பொருளை எவரும் எளிதில் விற்க இயலாது. கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குவதும், மாற்றியதன் காரணத்தைக் கேட்டறிவதும் உரிமையாளரின் கடமை.

சிறு ஸ்கேனர்கள் இன்று குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. பால் கூட்டுறவுச் சங்கமோ, இளைஞர் மன்றமோ, உழவர் குழுவோ ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்தால் ஊரில் உள்ள வண்டிகள் அனைத்துக்கும் பயன்படும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயின்ற இளைஞர்கள் நம் ஊர்களிலேயே பலர் உள்ளனர். அவர்களைக் கொண்டு ஆண்டுக்கு இரு முறை ஊர்ப் பொதுவிடத்தில் வண்டிப் பரிசோதனை நாள் நடத்தலாம்.

உண்மையில் இதற்கு முதல் மூலதனம் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டுமே. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் ஆகிய மூன்றையும் குறித்து வருவோமானால், குறை தொடங்கிய மாதத்திலேயே அது தெரிந்துவிடும். பத்து லாரிக்காரர் கடைப்பிடிக்கும் அவ்வொழுங்கை ஒரு வண்டிக்காரரும் கடைப்பிடிப்பாராயின், ஆண்டுக்கு ஒரு குடும்பம் மீக்கும் தொகை பிள்ளையின் படிப்புக்கோ, சொட்டு நீர்ப் பாசனக் குழாய்க்கோ, ஒரு கறவை மாட்டுக்கோ உதவும். சமவெளியின் காற்றும் அந்த அளவுக்குத் தூய்மையாகும்.